ஆட்டாமல் விழுந்த கோடுகள்

போன மாதம் புக்கிட் ரோத்தானில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து, கடைக்காரப் பையன் பில் போட ஒரு பழைய பிரிண்டரைத் தட்டிவிட்டான். கர்ர்ர், கர்ர்ர் என்று ஊசிகள் தாளைக் குத்திக்கொண்டு போயின. ரப்பர் வாசனை, கிரீஸ் வாசனை எல்லாம் விலகிப்போய், நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னா அங்கிள், பில்லு தப்பா இருக்கா?"

"பில்லு சரிதான் லா. சத்தம்தான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சத்தத்துக்கு எழுந்து நிற்கிற கிழவனுக்கு டயர் மாற்றிக் கொடுத்தது சரிதானா என்று யோசித்திருப்பான்.

கணினிக்குள் அணுக்களை ஓடவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்த்துப் பிழைக்க வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் பிரிண்டர்கள் பூனை நடப்பதுபோல் அச்சிடுகின்றன. எங்களுடையது ஆலை. எண்பதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கதவுக்குப் பின்னால் அது அலறும்போதெல்லாம், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாங்கள், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் ஆண்களைப்போல் நடப்போம். பிறப்பது பிள்ளையா பிழைச்செய்தியா என்று தெரியாது. பெரும்பாலும் பிழைச்செய்திதான். எனக்கு ஒரு தடவை அழகான பிள்ளை பிறந்தது. அதுதான் விபரீதம்.

என் ஆராய்ச்சிக்குப் பெயர் 'சமநிலையற்ற நிலையில் தன்னடுக்கம்'. இதை எங்கள் புக்கிட் ரோத்தான் எஸ்டேட் லயத்து வீடுகளில் சொல்லிப் பாருங்கள். கெமிஸ்ட்ரி என்றதும் அம்மா அதை மருந்துப் படிப்பு என்று பரப்பிவிட்டார். விடுமுறைக்குப் போனால் இடுப்பு வலிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். தியரி என்று விளக்கியதும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட்டார்: "அப்ப கையால ஒண்ணும் செய்ய மாட்ட?"

"மாட்டேன் பெரியப்பா."

"நெனச்சுப் பாக்குறதுக்கா சம்பளம் தர்றான்?"

"ஆமா."

"குடுத்து வச்சவன்டா நீ."

அவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே உவமை பெரட்டு. விடிவதற்கு முன் மண்டோர் என்கிற கங்காணி வந்து பெயர் கூப்பிட நிற்பார். ஆட்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். யாரும் அவர்களைப் பசை போட்டு ஒட்டவில்லை. பெயர் கூப்பிடும் குரல் ஓடுகிறவரை வரிசை இருக்கும்; குரல் நின்றதும் வரிசையும் கலையும். உப்புக்கட்டி அப்படியில்லை. அதை ஒரு தடவை உண்டாக்கிவிட்டால் போதும், யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அது உப்புக்கட்டிதான். நான் தேடியது உப்பை அல்ல, பெரட்டை. விடாமல் ஊட்டினால் மட்டுமே நிற்கிற ஒழுங்கு. ஊட்டுவதை நிறுத்தினால் செத்துவிடுகிற ஒழுங்கு. உயிருள்ள எல்லாமே இந்த வகைதான் என்று அந்த வயதில் எனக்கு ஒரு கிறுக்கு. ஒரே தாளத்தில் மின்னும் ஆற்றோரத்து மின்மினிகளைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பொய். கொசுவுக்குப் பயந்து நான் அந்த ஆற்றங்கரைக்குப் போனதே இல்லை.

என் கணக்கு எளிமையானது. ஒரு பெட்டி. அதற்குள், கணினி தரும் தற்செயல் எண்களின்படி அங்குமிங்கும் வைத்த துகள்கள். ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கும், ஒட்டிக்கொள்ளாது. பெட்டியைத் தாளத்துக்கு ஆட்டுவேன்; அந்த ஆட்டம்தான் ஊட்டம். ஓடவிட்டேன். தாளில் வந்தது கோடுகள். துகள்கள் அடுக்கு அடுக்காக, உழுத வயல்போல், மழைக்குப் பிறகு மணலில் அலை விட்டுப்போகும் வரிபோல் நின்றன. அந்தத் தாளைச் சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அது வீட்டு வரைபடம் என்று நினைத்து, கூரைக்கு என்ன போடப் போகிறாய் என்று கேட்டார். பிறகு ஆட்டத்தைக் கூட்டினேன், குறைத்தேன், தாளத்தை மாற்றினேன். கோடுகள் வந்துகொண்டே இருந்தன. எவ்வளவு உறுதியான விளைவு பாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். என்ன செய்தாலும் அசையாத விளைவு உறுதியானதல்ல. அது நாம் செய்வதைக் கவனிக்கவே இல்லை என்று பொருள். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆட்டத்தை அடியோடு நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அதற்கு நிரலில் ஒரு வசதிகூடச் செய்து வைத்திருந்தேன். அன்று கணினிக்கு எல்லாவற்றையும் துளையிட்ட அட்டைக் கட்டாகத்தான் கொடுப்போம்; ஆட்டத்தின் அளவு அதில் ஒரு அட்டையில் இருக்கும். அந்த அட்டை இல்லாவிட்டால் ஆட்டம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். என்றாவது ஆட்டாமல் ஓட்டிப் பார்ப்பதற்காக. அந்த 'என்றாவது' வரவே இல்லை. கணினி நேரம் ரேஷன் அரிசிபோல் கிடைத்த காலம். ஒன்றும் நடக்காது என்று தெரிந்த ஓட்டத்துக்கு அதை யார் செலவழிப்பார்கள்? இது நான் வெளியே சொன்ன காரணம். அழகான பெண்ணிடம் வயதைக் கேட்கத் தயங்குகிற மாதிரி ஒரு தயக்கம் என்பது உள்காரணம்.

எங்கள் குழுவில் சிவமலர் என்று ஒருத்தி. கெர்லிங் பக்கத்து எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவரின் மகள், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அவள் என்னை 'நீர்' என்றுதான் அழைப்பாள். லயத்தில் வளர்ந்த என் காதுக்கு அது நீதிமன்றச் சம்மன்போல் கேட்கும். நான் கணினியில் கண்டதற்கு அவள் காகிதத்தில் காரணம் கண்டுபிடித்தாள். ஆட்டம் இந்த அளவைத் தாண்டினால் கோடுகள் ஏன் பிறந்தே தீரவேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள். அவளுடைய ஆய்வேடு முழுக்க என் கோடுகளின்மேல் நின்றது.

எங்கள் மேற்பார்வையாளர் சீனர். பேராக்கில் எஸ்டேட் கடைக்காரர் மகன். எங்களைவிட நன்றாக எஸ்டேட் தமிழ் பேசுவார், திட்டுவதற்கு மட்டும். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவருக்கு இடமும் உதவித்தொகையும் இருக்கிறது. கோலா சிலாங்கூர் குன்றின்மேல் விடுதி வராந்தாவில் ஒரு நாள் கூடுவோம். சிவமலர் முதலில் பேசட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு வேலாயுதம் படங்களைக் காட்டட்டும். வேலாயுதம் நான்தான். அந்த இடம் எனக்குத்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் ஊர் பக்கத்தில்தான் என்பதால் சாப்பாட்டுப் பொறுப்பும் எனக்கே.

கூட்டத்துக்கு முன் கடைசியாக ஒரு ஓட்டம் கொடுத்தேன். ஆட்டத்தை நன்றாகக் கூட்டி, கோடுகள் பளிச்சென்று விழும்படி, சுவரில் தொங்கவிட ஒரு பெரிய படம். விடிந்ததும் கணினி மையத்தில் தாளை எடுத்துக்கொண்டு நேராக முதல் பேருந்து பிடித்தேன். விடுதி வராந்தாச் சுவரில் அதை ஒட்டிவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தேன். இதுவரை வந்த எதைவிடவும் சுத்தமான கோடுகள். ஆட்டத்தைக் கூட்டியது எவ்வளவு சரி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வராந்தாவின் மறுகோடியில் சிவமலர் தன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருந்த கறுப்பு லொத்தோங் குரங்குகள் எங்கள் துறையினரைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

சாப்பாட்டு வேன் வந்தது. கீழே டவுனில் கடை வைத்திருந்த சாகுல் நானா, இரண்டு ஆட்களுடன் பிரியாணி அண்டாக்களை இறக்கினார்.

"தம்பி, கோழி வறுவல் சொன்னீயளா, குருமா சொன்னீயளா? பொடியன் ரெண்டையும் ஏத்திட்டான்."

அவரிடம் தொலைபேசியில் பேசி முடிவானதைக் குறித்து வைத்திருந்தேன். சட்டைப் பையில் கை விட்டேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. குறித்த அன்று போட்டதும் அதுதான். தாள் தேட நேரமில்லாமல், மேசையில் இருந்த அட்டைக்கட்டின் மேலிருந்து ஒரு துளை அட்டையை உருவி அதன் முதுகில் எழுதியிருந்தேன். அன்று நாங்கள் எல்லாரும் அப்படித்தான். துணிக்கணக்கு, பேருந்து நேரம், காதல் கவிதை எல்லாமே துளை அட்டையின் முதுகில்தான்.

"வறுவல்தான் நானா. அச்சார், டால்சா…"

அட்டையைத் திருப்பினேன். விளிம்பில் அச்சாகியிருந்த எண்ணைப் படித்தேன். நான் கூட்டி வைத்த ஆட்டம். அன்றுதான் புதிதாகத் துளையிட்டுக் கட்டின்மேல் வைத்த அட்டை. அது என் சட்டைப் பையில் இருக்கிறது என்றால் கணினிக்குப் போகவில்லை. கணினிக்குப் போகவில்லை என்றால் ஆட்டம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் சுவரில் தொங்குவது யாரும் ஆட்டாத பெட்டி.

யாரும் ஆட்டாத பெட்டியில் அத்தனை சுத்தமான கோடுகள்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படிப் போச்சு? கோழி பத்தாதா?"

"கோழி பத்தும் நானா."

பெயர் கூப்பிட மண்டோரே வராத காலையில் வரிசை வரிசையாக நிற்கும் ஆட்களை நீங்கள் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? அவர்கள் ஆட்களே அல்ல, யாரோ நட்டு வைத்த கம்பங்கள் என்றுதானே. அந்தப் படம் அப்படி என்னைப் பார்த்தது. அட்டையைப் பைக்குள் திருப்பி வைத்தேன். இந்த உலகத்தில் இதை அறிந்தவன் நான் ஒருவன். பேசாமல் இருந்தால் பேராசிரியர் வருவார், படம் பார்ப்பார், பிரியாணி சாப்பிடுவார், நான் விமானம் ஏறுவேன். கோடுகள் எதனால் வந்தன என்பதை அங்கே போய், பெரிய கணினியில், நிதானமாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இந்த யோசனை எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தவறான யோசனைகள் எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வரும்.

ஆனால் வராந்தாவின் மறுகோடியில் ஒருத்தி, ஆட்டம்தான் கோடுகளைப் பிறப்பிக்கிறது என்று குரங்குகளுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் மனிதர்களுக்கு நிரூபிப்பாள். அது என்றாவது உடையும். உடையும்போது பேசியவள் அவளாக இருப்பாள்.

போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அட்டையை நீட்டினேன்.

"இதென்ன? கோழி வறுவல், அச்சார். சாப்பாட்டை ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?"

"திருப்பிப் பாரு."

திருப்பினாள். படித்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"அப்ப அந்தப் படம்?"

"ஆட்டமே இல்ல மலர்."

"முந்தின படங்கள்?"

"தெரியல. அதுலயும் ஆட்டத்துக்கும் கோட்டுக்கும் சம்மந்தம் இல்லாம இருக்கலாம்."

"உமக்கு விசரோ? இவ்வளவு காலமும் ஒருக்கால்கூட ஆட்டாமல் ஓட்டிப் பாக்கேல்லையோ?"

"இல்ல."

"நானும் கேக்கேல்லை," என்றாள் அட்டையைத் திருப்பித் தந்தபடி. "அதுதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு."

கீழே வளைவில் மேற்பார்வையாளரின் கார் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீ மொதல்ல பேசு," என்றேன். "நான் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக்கிறேன்."

"நல்லாயிருக்கு. தெரிஞ்சுகொண்டு நான் பொய் சொல்லுறதோ? பேந்து நீர் எழும்பி அதைப் பொய் எண்டு சொல்லுறதோ? நாடகமோ போடுறம்?"

"அப்ப என்னா செய்யலாம்?"

"நீர் முதல் பேசும். உள்ளதைச் சொல்லும். பேந்து என்னட்டை மிஞ்சியிருக்கிறதை நான் பேசுறன்."

"ஒன்னோட வேலை எல்லாம் போயிருமே."

"போறது போகட்டும். எது போகுது எது நிக்குது எண்டு பாக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். அந்த மனிசனை எங்கையும் நிப்பாட்டி வையும்."

நிறுத்தி வைத்தது நானல்ல, குரங்குகள். காரிலிருந்து இறங்கிய பேராசிரியரின் தொப்பியை ஒரு லொத்தோங் தொட்டுப் பார்த்துவிட்டது. அவர் மகிழ்ச்சியில் கேமராவை எடுத்தார். எங்கள் இரண்டு பேருடைய எதிர்காலமும் அந்தக் குரங்கு போஸ் கொடுத்த நேரத்தில்தான் முடிவானது. சிவமலர் சுவரோரம் உட்கார்ந்து தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் உட்கார்ந்ததும் நான் முதலில் எழுந்து நின்றேன். நான் தயாரித்திருந்த உரை கம்பீரமானது. அதிலிருந்து வணக்கம் மட்டும்தான் உபயோகப்பட்டது. படத்தைக் காட்டினேன். எல்லாரும் ரசித்தார்கள். "இது ஆட்டாமல் எடுத்தது," என்றேன். ரசிப்பு நின்றது. எப்படி நடந்தது என்று சொல்லி அட்டையைச் சுற்றுக்கு விட்டேன். பேராசிரியர் அதை இருபக்கமும் பார்த்துவிட்டு, பின்பக்கம் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். மதிய உணவு என்றேன். சிரித்தார்கள். அதுவரை உலகத்தில் எந்த ஆராய்ச்சியும் கோழி வறுவலால் மறுக்கப்பட்டதில்லை.

கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியாது, யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்து மேற்பார்வையாளர் தமிழில் சொன்னார்: "ஒக்காரு. இன்னிக்கித்தான் மொத தடவையா ஒரு ரிசல்ட்டு சொல்லியிருக்க."

அடுத்து சிவமலர். அவள் கையில் இருந்த தாள்களில் பாதியை என் கண் முன்னாலேயே நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் பேசியது இவ்வளவுதான்: என் சமன்பாடுகளில் ஆட்டத்தைப் பூஜ்யம் ஆக்கினால் கோடுகள் சாகின்றன, சாகத்தான் வேண்டும். வேலாயுதத்தின் கோடுகள் சாகவில்லை. ஆகவே என் கணக்கு விளக்குவது அவருடைய கோடுகளை அல்ல. அது விளக்குகிற பொருளை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமானால் எங்கே, எந்த ஆட்டத்தில், எப்படித் தேடவேண்டும் என்று மட்டும் சொல்லுகிறேன் என்று சொன்னாள். பேராசிரியர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். நானா வந்து டால்சா ஆறுகிறது என்று இரண்டு தடவை கையைக் காட்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மேற்பார்வையாளர் என்னை அண்டாக்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அந்த எடம் மலருக்குப் போவுது. ஒனக்கு வருத்தமா?"

"இல்ல டாக்டர்."

"பொய் சொல்லாத லா. பிரியாணிய தொடவே இல்ல நீ."

கோடுகளின் மர்மம் பிறகு அவிழ்ந்தது, எந்தக் கம்பீரமும் இல்லாமல். துகள்களை இங்கும் அங்கும் வைக்கக் கணினியிடம் தற்செயல் எண்களைக் கேட்டு வாங்கினேன் அல்லவா, அந்த எண்கள் தற்செயலானவை அல்ல. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒழுங்கில்லாதவைபோல் இருக்கும். ஒரு துகளின் இடத்துக்காக மூன்று மூன்றாக எடுத்தால் தளம் தளமாக விழும்; என் ஆட்டம் அந்தத் தளங்களைச் சற்று மங்கலாக்கியதே தவிர அழிக்கவில்லை. நான் கண்டது இயற்கையின் ஒழுங்கையல்ல, என் கருவியின் சோம்பலை. இது எனக்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது, நூலகத்தில் இருந்தது. நான் வாசிக்கவில்லை; ரசித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அதே பல்கலைக்கழகத்திலேயே இருந்து, சின்னச் சின்ன உண்மைகளை வைத்து ஒரு ஆய்வேடு எழுதி முடித்தேன். துறையில் என்னைப் பல காலம் 'கோட்டு வேலு' என்றார்கள். நான் கோட்டு போடுகிறவன் என்று நினைத்துப் புதியவர்கள் மரியாதை காட்டினார்கள். நானும் திருத்தவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அழகான ஒன்று கிடைத்த அன்றைக்கே அதன் ஊட்டத்தை நிறுத்திப் பாருங்கள். என்னைப்போல் பிரியாணிக்காகக் காத்திருக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் குன்றிலிருந்து இறங்கிப் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். கடல்காற்றில் உலர்ந்த மீன் வாசனை. நான் புக்கிட் ரோத்தானுக்கு, அவள் கோலாலம்பூர் போய் அங்கிருந்து கெர்லிங்குக்கு. வாழ்த்துச் சொல்லாமல் பேருந்து நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நின்றேன். அவளுடைய பேருந்து முதலில் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்டு கேப்பன். நான் முதல் பேசுறதா இருந்திராட்டி, நீர் மட்டும் பேசுற நாளா இருந்திருந்தா, அந்த அட்டையைக் காட்டியிருப்பீரோ?"

ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். காட்டியிருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தேன். 

"தெரியல மலர்."

"ஓம் எண்டு சொல்லியிருந்தீர் எண்டா, இனி உம்மட ஒரு படத்தையும் நான் நம்பியிருக்க மாட்டன். நான் அங்க போனாப் பிறகு உம்மட கணக்கை எனக்கு அனுப்பும்."